வீட்டிலிருந்து வேலைக்கு 412 கிலோமீட்டர்

என் இல்லத்தரசிக்கு, அந்த இல்லத்தில் இல்லாத அரசன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். நீயும் மகளும் நலம் என்று நேற்றுதான் போனில் சொன்னீர்கள். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், நலமா? இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ நடுவில் சிரித்துவிடுவாய், இல்லாவிட்டால் சிரிக்காமல் இருந்துவிடுவாய். இரண்டையும் தாங்கும் நிலையில் நான் இல்லை.

உன் அக்காவிடம் "அவருக்கு ஆபீஸ்ல கலர் அடிக்கிற வேலை" என்று நீ சொன்னதாகக் கேள்வி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். நாட்டு வரைபடத்தில் வீட்டு விலை ஏறிக் கிடக்கும் இடத்துக்குச் சிவப்பு அடிப்பேன். வேலையும் ரோடும் ரயிலும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு வெளிர் மஞ்சள். நான் இருக்கும் நகரம் வரைபடத்தில் மை கொட்டியது மாதிரி ஒரே சிவப்பு. உன் ஊர் எவ்வளவு வெளிறல் என்றால், கலர் அடிக்க மறந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். சிவப்பில் வேலை உண்டு, வீடு கிடையாது. மஞ்சளில் வீடு உண்டு, எனக்கு வேலை கிடையாது. ஒன்பது வருஷமாக நீ மஞ்சளில், நான் சிவப்பில். அங்கே நீ மூன்று அறையும் கொல்லைப்புறமுமாக இருக்கும் அதே வாடகைக்கு இங்கே எனக்குக் கிடைத்திருப்பது, கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிற, கட்டிலை நகர்த்தினால் கதவு மூடாத ஒரு அறை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நாட்டிலேயே ரொம்பப் பின்தங்கிய பகுதியில் எங்கள் கிளை அலுவலகம் ஒன்று திறக்கப்போகிறார்கள். பட்டியலில் முதல் ஊர் உன் ஊர். மாற்றல் கேட்டு முதல் ஆளாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் முன்பு நாடு முழுக்க ஒரு படிவம் கொடுத்தோமே, வீடு எந்த ஊர், வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று? எந்த ஊரிலிருந்தெல்லாம் நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்களோ, அதுவரைக்கும் நகரம்தான், சிவப்புதான் என்பது எங்கள் கணக்கு. ஆபீசில் எங்களையும் நிரப்பச் சொன்னார்கள். என் அறையிலிருந்து ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர். நான் உன் ஊர்ப் பெயரைப் போட்டு 412 என்று எழுதியிருக்கிறேன். சத்தியமா வேணும்னு எழுதலம்மா! யாராவது வீடு எங்கே என்று கேட்டால் என் வாயில் வருவது உன் ஊர்தான். இங்கே இருப்பது ரூம். ரூமுக்குப் போறேன், ரூம்ல சாப்பிட்டேன், ரூம் ஒழுகுது. ஒரு நாளாவது அதை வீடு என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பி நகரத்தை 412 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய் உன் ஊரில் விட்டது. உன் ஊர் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. அறிக்கையும் அச்சாகி, பத்திரிகையிலும் வந்துவிட்டது. இயக்குநர் வரைபடத்தை விரித்துப் போட்டுக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது? பஸ்ஸே ரெண்டுதான் போகுது, அந்த ஊர் எப்படிப்பா சிட்டியாச்சு?"

"தெரியல சார்."

"எவனாவது ஒருத்தன் தப்பா எழுதினா கம்ப்யூட்டரே ஒதுக்கிடுமே. இதை ஏன் ஒதுக்கல?"

"அதுவும் தெரியல சார்."

பின்தங்கிய பட்டியலிலிருந்து உன் ஊரை அடித்துவிட்டார்கள். கிளை அலுவலகம் நேரெதிர்த் திசையில் எங்கேயோ போகிறதாம். இதெல்லாம் தெரியாமல் நேற்று நீ போனில், "என்னங்க, நாமெல்லாம் சிட்டி ஆயிட்டோம்மான்னு வீட்டுக்காரர் வாடகையை ஏத்தறேங்கறார். எந்தப் புண்ணியவான் கிளப்பி விட்டானோ, அவன் நல்லா இருப்பானா?" என்றாய். "நல்லா இருக்க மாட்டான்" என்று நானும் சொன்னேன். அந்தப் புண்ணியவான் நான்தான்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மாசக் கடைசியில் ஒன்றரை நாள் வந்து, பாதி நேரம் தூங்கிவிட்டு, அழுக்குத் துணியை விட்டுவிட்டுத் திரும்பும் பார்வை இல்லை. நீ ஆஸ்பத்திரியில் உன் மருந்துக் கவுண்டரை மூடிவிட்டு வரும்போது நான் உள்ளே இருந்து கதவைத் திறக்க வேண்டும். என் வரைபடத்தில் உன் ஊர் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கட்டைவிரலை இங்கே வைத்தால் சுண்டுவிரல் அங்கே தொடும். தினமும் மத்தியானம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் நான் அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கு இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. உனக்கு இதில் எள்ளளவும் சம்பந்தம் இல்லை.

மகளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அக்காவுக்கு, கலர்க்காரன் விசாரித்ததாகச் சொல். வீட்டுக்காரருக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு.

என்றும் உன்
ரூம்வாசி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இயக்குநரே கூப்பிட்டுவிட்டார். மேலே "எள்ளளவும்" என்று எழுதியதை அடித்துவிடு. என் படிவத்தைக் கம்ப்யூட்டர் ஒதுக்கத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் அதை உறுதி செய்கிற மாதிரி அந்த முனையிலிருந்தும் அதே 412 என்று இன்னொன்று வந்திருக்கிறது. உன் ஊர் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரிலிருந்து! வீடு எந்த ஊர் என்ற இடத்தில் என் நகரத்தின் பெயர். உனக்கு ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தானே அம்மா? தலை மூடாமல் எழுதிய அந்த 4 யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா?

அது உன் படிவம் என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதினீங்களா?" என்றார். "இல்ல சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, ரெண்டு பேரும் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஊரைப் பழையபடி பட்டியல்ல சேர்த்துடலாம்" என்றார்.

உன் படிவம் இதோடு இருக்கிறது. இரண்டு தெரு என்று திருத்தி உடனே அனுப்பு. அது வந்தால் உன் ஊர் வெளிறும். ஊர் வெளிறினால் நான் வருவேன். என்னுடையதைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்த ரூமை வீடு என்று எழுதினேன். எழுதிய பொய் அது ஒன்றுதான்.