நீடாமங்கலம் கேட்டுல ஒரு சட்டப்படியான சோதனை

பரணிதரன் இனிமே போலீசுக்குப் பயப்படமாட்டான். அன்னிக்குக் காலையிலதான் அப்படி முடிவு பண்ணினான். போன்ல சட்ட வீடியோ நாப்பது பார்த்தாச்சு. வண்டிச் சாவியைப் போலீசு புடுங்கக்கூடாது. காரணம் இல்லாம வண்டியைச் சோதனை போடக்கூடாது. இட்லிக்கு நடுவுல எல்லாத்தையும் பொண்டாட்டி விஜயலட்சுமிகிட்ட ஒப்பிச்சான். அவ "ம்" கொட்டிக் கேட்டா. ம் கொட்டுற பொண்டாட்டியை நம்பாதேன்னு எந்த வீடியோவுலயும் சொல்லலை, பாவம்.

அவன் பயப்படுறது அந்த ஒருத்திக்குத்தான். அவனுக்குச் சக்கரை முந்நூறுல நிக்குது. "இன்னொரு தடவை இனிப்போட மாட்டுனீங்க, ஒரு மண்டலத்துக்குப் பாகக்காய் ஜூஸுதான். மூணு வேளையும்!"னு சொல்லியிருந்தா. சொன்னா செய்வா. இது தெரிஞ்சும் இந்த மகானுபாவன் என்ன பண்ணினான்? நெய் சொட்டுற அசோகா அல்வா அரை கிலோ, திருவையாத்துல வாங்கி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில ஒளிச்சு, அதுமேலயே பொண்டாட்டியையும் ஒக்காரவச்சு, நீடாமங்கலத்துல ஒரு வளைகாப்புக்குக் கெளம்பிட்டான். நெஞ்சழுத்தம்!

நீடாமங்கலம் ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. தொறந்திருந்தாத்தான் அதிசயம். அரை மணி நேரமா வண்டி சைடு ஸ்டாண்டுல நிக்குது. ஒவ்வொரு வண்டியா பார்த்துக்கிட்டு எஸ்.ஐ. உபைதுல்லா வந்தார்.

"காரைக்கால்லேர்ந்து சரக்கு பாட்டில் கடத்துறாங்கன்னு தகவல் சார். சீட்டைக் கொஞ்சம் தொறங்க."

பரணிதரனுக்குக் குப்புன்னு வேர்த்துச்சு. கண்ணு முன்னாடி பாகக்காயா தொங்குச்சு.

"மாட்டேன்! என் வண்டி மேல என்ன சந்தேகம்? காரணத்தை எழுதுங்க. ரெண்டு சாட்சி வைங்க. எடுத்த பொருளுக்கு லிஸ்ட் போடுங்க. அதுல எனக்கு ஒரு காப்பி குடுங்க!"

"சும்மா காட்டிட்டுப் போங்களேன் சார்."

"சும்மாங்கறது எந்த செக்‌ஷன்?"

பக்கத்துல கேட்டுக்காக நின்ன பஸ் ஜன்னல்லேர்ந்து விசில் பறந்துச்சு. எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துருச்சு. "ஆர்.சி.யை மட்டும் காட்டுங்க, போதும். உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

ஜெயிச்சுட்டான்! போன்ல ஆர்.சி.யை நீட்டிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டான்.

"சார், ஒரு நிமிஷம்." விஜயலட்சுமி வண்டியை விட்டு எறங்கினா. "அதுல யாரு பேரு இருக்குன்னு படிங்க."

"விஜயலட்சுமி... நீங்களாம்மா?"

"நானேதான். வண்டி என்னுது. நான் சம்மதிக்கிறேன். எனக்குச் சந்தேகமும் இருக்கு. காரணம் அந்தா போகுது பாருங்க."

எல்லாரும் பார்த்தாங்க. ரோட்டுலேர்ந்து சைடு ஸ்டாண்டு மேல ஏறி, சீட்டு இடுக்குக்குள்ள எறும்பு சாரை சாரையா போயிக்கிட்டிருந்துச்சு.

"பாட்டிலுக்கு எறும்பு வருமா சார்?"

"விஜி, சாவியெல்லாம் புடுங்கக்கூடாது..."

"போலீசுதானே புடுங்கக்கூடாது? குடுங்க இப்படி."

வெள்ளரிப்பிஞ்சு விக்கிற மலர்க்கொடி ஒரு சாட்சி. பஸ்ஸுலேர்ந்து குதிச்சு வந்த முருகையன் இன்னொரு சாட்சி. சீட்டு தொறந்துச்சு. நெய் வாசம் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்ன கூட்டம் வரைக்கும் போச்சு.

"சட்டப்படி இது குத்தமே இல்லைம்மா," எஸ்.ஐ. மெதுவா சொன்னார்.

"அது உங்க சட்டம் சார்."

சாட்சிக்கு ஒரு கை, எஸ்.ஐ.க்கு ஒரு கை, பஸ்ஸு ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கை. கேட்டு தொறக்குறதுக்குள்ள டப்பா காலி. எறும்புக்குக்கூட பங்கு கெடச்சுது.

"சார், லிஸ்ட்டு? அவரு கேட்டாரே!" விஜயலட்சுமி விடலை.

'அசோகா, அரை கிலோ'ன்னு எஸ்.ஐ. எழுதினார். சாட்சி ரெண்டு பேரும் பிசுபிசுத்த கையோட கையெழுத்துப் போட்டாங்க. காப்பி, சட்டப்படி, பரணிதரன் கையில வந்துச்சு. அவன் அதை மெல்ல மூக்குக்கிட்ட கொண்டுபோனான்.

"மோந்தது போதும், இப்படிக் குடுங்க. பேப்பர்லயும் சக்கரை ஒட்டியிருக்கும்."