ஒராள் குறையுது டீச்சர்

ஆளில்லாத கதிரைக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த மனுசி கொழும்பு மாநகரத்திலேயே ஒருவர்தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த சித்திர டீச்சர். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவ "ஒராள் குறையுது டீச்சர்".

காரணம் இதுதான். "வீட்டைக் கீறுங்கோ, வீட்டில இருக்கிற ஆக்களைக் கீறுங்கோ, பிறகு எனக்குக் கதை சொல்லுங்கோ" என்பா. பிள்ளை அப்பா, அம்மா, பூனை எல்லாம் கீறிக்கொண்டு போகும். டீச்சர் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பா. கண்ணைச் சுருக்குவா. "ஒராள் குறையுதே, குஞ்சு" என்பா. பிள்ளை கொஞ்சம் முழிக்கும். பிறகு பேசாமல் போய் இன்னோர் ஆளைக் கீறிக்கொண்டு வரும். "இல்லை டீச்சர், எல்லாரும் இருக்கினம்" என்று ஒரு பிள்ளையாவது சொன்னதில்லை. அதை நினைத்தால் இப்பவும் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும்.

வகுப்பில் தனக்கென்று இருந்த ஒரே கதிரையையும் காலியாக விட்டுவிட்டு, பாடம் முழுக்க நின்றபடிதான் படிப்பிப்பா. ஒருமுறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி, நல்ல பாரமான மனிதர், அதில் தொப்பென்று இருந்துவிட்டார். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "சேர், அதில ஆள் இருக்கு!" மனிதர் துள்ளி எழும்பினார். அதோடு விட்டாரா? கதிரையைப் பார்த்து மன்னிப்பும் கேட்டாராம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு சாரம், ஒரு சேட்டோடு ரயிலேறி வந்து, காலி வீதியில் மூன்று கதவு வைத்த இரும்புக்கடை போட்டவன். "தனி ஆளாய் வந்தேன், தனி ஆளாய் நிமிர்ந்தேன்" என்று கலியாண வீடு, செத்த வீடு எங்கும் சொல்லுவேன். அப்படிப்பட்டவனின் மகள் இல்லாத ஆளைக் கீறிக்கொண்டு திரிந்தால் விடுவேனா? சண்டைக்குப் போனேன்.

"டீச்சர், பிள்ளைக்குக் கணக்கைப் படிப்பியுங்கோ. நான், மனிசி, மகள், மாமி, மைத்துனன். ஐஞ்சு பேர். அவள் ஆறு பேரைக் கீறி வைச்சிருக்கிறாள்."

டீச்சர் ஒரு தாளை நீட்டினா. "ஐயா ஒருக்காக் கீறிப் பாருங்கோவன்."

"எனக்குக் கீறத் தெரியாது. மற்ற எல்லாம் தெரியும்."

"அப்ப அந்த ஆறாவது ஆள் ஆரெண்டு மகளிட்டைக் கேளுங்கோ."

கேட்கவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படத்தை மனைவி விறாந்தைச் சுவரில் ஒட்டிவிட்டா. பாதி திறந்த வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு நெட்டை மனிதன். கையில் குடை. ஒரு காலில் மட்டும் செருப்பு. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்து திரிந்தேன்.

பிறகு ஒருநாள், மழை விட்ட காலையில், ரவுண்டப் வந்தது, பொலிஸ் சுற்றிவளைப்பு. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் தமிழ் வீடென்றால் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்திருக்க வேண்டும். பதியாத ஆள் அகப்பட்டால் வீட்டுக்காரனையும் சேர்த்து ஏற்றுவார்கள். ஒழுங்கை முனையில் ட்ரக் பாதி நிறைந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் பதிவுத் தாளோடு எங்களை எண்ணினார். ஐந்து. சரி. திரும்பினார். சுவரில் படம். விரல் வைத்து எண்ணினார். ஆறு.

"மே கவுத?" என்றார். இது யார் என்று.

என் சிங்களம் கடைச் சிங்களம். ஆணி விற்கக் காணும், உயிரைக் காப்பாற்றக் காணாது. பொலிஸ்காரர் தேடத் தொடங்கினார்கள். அலுமாரி, கட்டிலுக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கி. அரிசிப் பானைக்குள்ளும் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

ஏழு வயது மகள் சாதாரணமாகக் கையைக் காட்டினாள். "அங்க இல்லை மாமா. எங்கட பெரியப்பா கதவுக்குப் பின்னால நிக்கிறார்."

தமிழ் விளங்காவிட்டாலும் கை காட்டியது விளங்கியது. ஒரு பொலிஸ்காரன் போய்க் கதவை இழுத்துப் பார்த்தான். ஒருவருமில்லை. ஆனால் திரும்பி வந்தவன் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பிடிக்க வந்தவன்!

எனக்கு அண்ணன் இருந்ததை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. நான் தனி ஆளாய் வரவில்லை. கையில் பிடித்து ரயிலேற்றி வந்தது அவர். கலவரத்தில் எங்கள் முதல் கடையை எரிக்க வந்தபோது என்னைப் பின்மதிலால் தூக்கிப் போட்டுவிட்டு, குடையை ஓங்கிக்கொண்டு முன்கதவைத் தாங்கி நின்றார். பிறகு வாசலில் எனக்குக் கிடைத்தது ஒற்றைச் செருப்பு.

"ரெண்டு ஆம்பிளையளையும் ஏத்து" என்று என்னையும் மைத்துனனையும் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் டீச்சர் ஈர ஒழுங்கையை வெறுங்காலோடு கடந்து வந்தா. யாரும் கூப்பிடவில்லை. நல்ல சிங்களத்தில் தொடங்கினா. "மாத்தயா, இது வகுப்புப் பாடம். ஆர் கீறினாலும் ஒராள் கூட வரும். நம்பாட்டில் நீங்களே கீறிப் பாருங்கோ." சொல்லிக்கொண்டே எங்கள் பதிவுத் தாளைத் திருப்பி, மகளின் கிறேயோனை அவர் கையில் வைத்தா. நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன்.

திறந்தால், மனிதர் கீறிக்கொண்டிருக்கிறார்! நாக்கைக் கடித்தபடி, சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி. வீடு, பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், மாமரம். டீச்சர் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தா. கண்ணைச் சுருக்கினா.

"ஒராள் குறையுதே, மாத்தயா."

அவர் தாளைத் திரும்ப வாங்கினார். பிறகு மாமரத்தடியில் மிகச் சின்னதாய், ஆமிச் சிப்பாய்த் தொப்பியோடு, ஓர் ஆளைக் கீறினார்.

"மல்லி" என்றார். தம்பி.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ட்ரக்கும் போனது, எங்கள் இருவரையும் ஏற்றாமல்.

மத்தியானம் டீச்சரிடம் போனேன். "அண்ணரைப் பற்றிப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும் ஐயா? கணக்குப் படிப்பிக்கச் சொன்னியள். நான் ஆக்களை எண்ணத்தான் படிப்பிக்கிறன்."

யுத்தம் முடிய முந்தியே டீச்சர் நோய் வந்து போய்ச் சேர்ந்தா. போன கிழமை, கடையில் ஆளில்லாத நேரம், பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், வாழ்க்கையில் முதல்தரம் படம் கீறினேன். நன்றாகத்தான் வந்தது, நான் கீறினால் வராதா? எங்கள் வீட்டு ஐந்து பேர். கதவடியில் அண்ணர், இரண்டு காலிலும் செருப்போடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒராள் குறைந்தது.

ஒரு கதிரையைக் கீறி, டீச்சரை அதில் இருத்தினேன். எத்தனை வருசம் நின்ற கால்.