எதிரில் நின்று எடுத்தது யார்?

செஞ்சி,
புதன்கிழமை, காலை 6.40

பெருமதிப்பிற்குரிய தளவானூர் இளையபெருமாள் அவர்களுக்கு,

செஞ்சி பேருந்து நிலையத்தில் இருபத்தொன்பது ஆண்டு டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற பச்சைமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகாலட்சுமியும் ஏதோ இருக்கிறோம். தாங்களும் தங்கள் துணைவியார் தைலம்மாள் அவர்களும் அவர்களுடைய முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். போனில் நான்கு முறை கூப்பிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது என்ற தைரியத்தில், 9.15க்குத் தங்கள் ஊர்ப் பக்கம் வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தைத் தட்டு மாற்றுகிற நேரத்தில் கொண்டுவந்து வைத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. என் பெண் கலைமதி, புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பொருத்தி நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காக மாதம் இரண்டு ஊர் போகிறவள் என்பதும், வேலை முடிந்த மறுநாள் ரயில் ஏறுவதற்குள் காலையிலேயே அந்த ஊரை நடந்து சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வாள் என்பதும் தாங்கள் அறிந்ததே. இந்தூர், கட்டாக், நாக்பூர், லக்னோ என்று முப்பத்திரண்டு படங்களை பஜாரில் பிரிண்ட் போட்டு ஆல்பமாக்கி வைத்திருந்தேன். நான் இருபத்தொன்பது வருஷம் பஸ்ஸை அனுப்பினேனே தவிர எந்தப் பஸ்ஸிலும் ஏறிப் போனதில்லை, என் பெண்ணாவது போகிறாளே என்ற பெருமைதான், வேறொன்றுமில்லை. தைலம்மாள் அவர்கள் ஆல்பத்தை மெதுவாகப் புரட்டினார்கள். புறா, டீக்கடை, பழைய கட்டடம், எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்குது" என்றார்கள். பிறகு விரலை வைத்து எண்ணினார்கள். "பதினோரு போட்டோவுல பொண்ணு நிக்குது. நிக்கறது பொண்ணு, சரி. எதிர்ல நின்னு புடிச்சது யாரு?" என்றார்கள். தாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது மணி 11.52, தட்டு அப்படியே இருந்தது, பஜ்ஜியும் அப்படியே இருந்தது. அடுத்த வெள்ளிக்கு நிச்சயம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இப்போது தெருவில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு இருப்பது ஒரே பெண்.

அவளைக் கேட்டேன். "செல்ஃப் டைமர் நைனா. போன எதுனா கல்லு மேல வச்சிட்டு ஓடிப் போய் நின்னா அதுவே எடுத்துக்கும்," என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பையை மடித்துக்கொண்டிருந்தாள், அது அவள் சுபாவம். அவள் எப்பேர்ப்பட்ட பெண் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை பதினோரு ஜாதகத்தைத் தட்டிக்கழித்தவள், தங்கள் மகன் அன்புச்செல்வன் ஜாதகம் வந்தபோது "போட்டோகூட வேணாம் நைனா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண் சொல்லும்? தாங்கள் அனுப்பிய தம்பி படத்தை மகாலட்சுமிதான் சாமி அலமாரியில் வைத்து வாரம் ஒருமுறை துடைக்கிறாள். தம்பியும் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பொருத்துகிற வேலை என்பதால் ஏதோ வெளியூரில் எடுத்தது போலிருக்கிறது. நான் கண்ணாடி போட்டு இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனாலும் சொல்லை மட்டும் வைத்துத் தங்களிடம் வாதாடக் கூடாது, நிரூபிக்க வேண்டும் என்று நேற்றுக் காலை மகாலட்சுமியைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். ராஜகிரி மேலே ஏறவில்லை, கீழே கல்யாண மகாலுக்கு எதிரிலேயே நின்றோம், பெயராவது ராசியாக இருக்கட்டும் என்று. போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து மூன்று விநாடி வைத்து ஓடினேன், என் முதுகு விழுந்தது. பத்து விநாடி வைத்தேன், வேட்டி தடுக்கி என் முழங்கால் மட்டும் விழுந்தது. மூன்றாம் முறை போன் சரிந்து வானத்தை எடுத்தது, அதுவும் மேகமில்லாத வானம். நாலாம் முறை நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து நான் நிற்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்தது, படம் பிரமாதமாக வந்தது. "அதுக்குத் தெரிது, உங்களுக்குத் தெரியல," என்றாள் மகாலட்சுமி. அந்தப் படத்தைத் தங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், நாங்கள் வேறு ஏதோ சொல்கிறோம் என்று தாங்கள் நினைக்கக்கூடும்.

அந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் எங்கள் அவஸ்தையைப் பார்த்தது. அதில் ஒரு டீச்சரம்மா போனை வாங்கி, "கொஞ்சம் சிரிங்க சார், இன்னா கோர்ட்லியா நிக்கிறீங்க?" என்று எங்களை ஏழு படம் எடுத்தார்கள். பதிலுக்கு நாங்கள் அவர்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து வேறு இரண்டு வேன்காரர்கள் வந்தார்கள், பிறகு காலேஜ் பிள்ளைகள், ஒரு மணி ஐந்து நிமிடம் நான் கோட்டையில் போட்டோக்காரன். நாற்பத்தொரு பேரை எடுத்தேன், அதில் ஒன்பது பேர் கல்யாணமாகாத பெண்கள். நாளை அவர்களைப் பெண் பார்க்க வருகிறவர்கள் 'எதிரில் நின்று எடுத்தது யார்' என்று கேட்டால் நியாயமாக என் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அறுபத்தோரு வயதில் எனக்கு எந்தத் தப்பெண்ணமும் கிடையாது என்பதற்கு மகாலட்சுமி சாட்சி. ஆகவே அந்நிய ஊரில் போகிற வருகிறவர்கள் போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பது உலக வழக்கம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது ருசுவாகிறது.

ஒரு படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தைலம்மாள் அவர்கள் அதில்தான் அதிக நேரம் விரலை வைத்திருந்தார்கள். லக்னோவில் மணிக்கூண்டுக்கு முன்னால் எடுத்தது. எந்தப் படத்திலும் நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. மணி 8.10. பக்கத்தில் குளிருக்குப் பச்சை ஸ்வெட்டர் மாட்டிவிட்ட ஓர் ஆடு, முன்பாதி மட்டும் தெரிகிறது. கலைமதி வாய்விட்டுச் சிரிக்கிறாள். "நம்மகிட்ட அவ இப்பிடிச் சிரிச்சி எத்தினி வருஷமாவுது," என்று மகாலட்சுமி கேட்டாள். ஸ்வெட்டர் போட்ட ஆட்டைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். தங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஆகவே மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து தட்டை மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தைலம்மாள் அவர்களுக்கு என் வணக்கத்தையும், தம்பிக்கு எங்கள் ஆசியையும், முழங்காலுக்கு மகாலட்சுமி காய்ச்சிய எண்ணெயையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பச்சைமுத்து

பின்குறிப்பு, காலை 11.20: 9.15 பஸ் வரவில்லை. என் காலத்தில் இப்படி நடந்ததில்லை. சும்மா நிற்பானேன் என்று, மகாலட்சுமி ஆல்பத்திலிருந்தும் சாமி அலமாரியிலிருந்தும் எடுத்து நம்பிக்கையோடு கொடுத்தனுப்பிய இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு நிச்சயதார்த்த பேனர் அடிக்கிற கடைக்குப் போனேன். ஒன்று மேலே சொன்ன லக்னோ படம், மற்றது தாங்கள் அனுப்பிய தம்பி படம். கடைக்காரர் காமராஜ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பேக்ரவுண்ட் மாத்தவே வேணாம் சார், ஒரே எடந்தான?" என்றார். நான் கண்ணாடியைப் போட்டேன். தம்பிக்குப் பின்னால் அதே மணிக்கூண்டு, மணி 8.13. ஓரத்தில் பச்சை ஸ்வெட்டர், ஆட்டின் பின்பாதி.

ஆகவே முன் நான்கு பக்கத்தில் நான் ருசுப்படுத்தியதைத் தயவுசெய்து ரத்து செய்துகொள்ளவும். தைலம்மாள் அவர்களின் கேள்விக்கான பதில் தங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு எதிரில் நின்று எடுத்தது யார் என்று தாங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், எங்கள் பெண்தான். தலை வெட்டுப்படாமல் நன்றாகவே எடுத்திருக்கிறாள். மீதிப் பத்துப் படங்களை நான் ஆராயப் போவதில்லை.

சம்பந்தி, வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். இந்த இடத்தைப் பார்த்து முடித்தது நாம்தான் என்றே இருக்கட்டும்.