இருட்டறையில் டார்ச் அடித்தவன்

சர்க்கரை வியாதிக்காரனுக்கு ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறுதான். எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போனாலும் சரி, நான் சாப்பிடாமல்தான் கிளம்புவேன். இருபது வருடத்துக்கும் மேலான பழக்கம். டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து முடிந்ததும் எனக்குக் கொடுக்க, என் மனைவி மேரி இட்லி டப்பாவோடு பின்னால் வருவாள். இந்த ஒழுக்கம்தான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.

கல்லறைத் திருநாளுக்குக் கோலார் தங்கவயல் போய் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது, பொழுது சாய்ந்த நேரத்தில், ஹொஸ்கோட்டே பக்கம் காரை டிவைடர் மேல் ஏற்றிவிட்டேன். யாருக்கும் அடியில்லை. டிவைடர்தான் குறுக்கே வந்தது என்று சாதித்துப் பார்த்தேன். மகள் ஷீலா சாவியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும் டாடி, தர்றேன்."

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்திலேயே முதலில் கார் வாங்கியவன் நான். (செகண்ட் ஹாண்ட்தான். ஆனாலும் முதலில்.) அந்தச் சாவி இல்லாமல் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கண் டாக்டர் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தார். "படத்துல விழித்திரை எப்படி இருக்குன்னுதான் தெரியும் சார். அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. இத்தனை வருஷ சுகராச்சே, அதையும் டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார்.

கண்ணின் கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குக் கீழே ஒயர் ஒட்டி, அரை மணி நேரம் கும்மிருட்டில் உட்காரவைப்பார்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு பளிச் பளிச்சென்று வெளிச்சம் காட்டி, விழித்திரை எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது என்று மெஷினில் பார்ப்பார்கள். நடுவில் துளி வெளிச்சம் பட்டாலும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

டெஸ்ட் எடுக்கும் பெண் சிரித்த முகமாக, "திண்டி ஆய்த்தா சார்?" என்று கன்னடத்தில் கேட்டாள். டிபன் ஆச்சா என்று அர்த்தம்.

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தாலும் "ஆய்த்து" என்றுதான் சொல்ல வேண்டும். நானும் "ஆய்த்தும்மா" என்றேன். காலையில் போட்ட இன்சுலின் மட்டும்தான் என் திண்டி என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மேரியும் இட்லியும் வெளியே பெஞ்சில்.

இருட்டறையில் என்னைப் போலவே ஒயர் ஒட்டிக்கொண்டு இன்னும் மூன்று பேர். பாதி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு முதுகு வியர்த்தது. கை உதறியது. சுகர் இறங்குகிறது! சட்டைப்பையில் மேரி எப்போதும் போட்டுவைக்கும் சாக்லேட்டை எடுத்தேன். உதறிய கையிலிருந்து அது கீழே விழுந்தது. குனிந்து தடவினேன், கிடைக்கவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். அந்தப் பயத்தில், மூளை என்று ஒன்று இருப்பதே மறந்து, செல்போன் டார்ச்சைப் போட்டேன்.

"அய்யோ, நன் கண்ணு!" என்று பக்கத்து நாற்காலி அம்மா அலறினார்.

"லைட் ஆஃப் மாடி சார்!" என்று லைட்டை அணைக்கச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் ஓடிவந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. டார்ச் போட்டும் எனக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு மங்கல்தான். தரையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வாயில் போட்டு மென்றேன். சொட்டு மருந்து துடைத்த பஞ்சு.

"மத்தே மொதலிந்தானா?" என்று மூலையில் ஒரு பெரியவர் நொந்துகொண்டார். மறுபடி முதலிலிருந்தா என்ற அந்தக் கேள்வியில் அழுகையே இருந்தது.

"சுகர் லோ..." என்று பஞ்சோடு முனகினேன்.

அவ்வளவுதான். அடுத்து எல்லாப் பக்கமும் ஜிப் திறக்கும் சத்தம், காகிதம் கசங்கும் சத்தம். எல்லாரும் பழைய சர்க்கரைக்காரர்கள்! இனிப்பு இல்லாத பை ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. யார் கண்ணை நான் குருடாக்கப் பார்த்தேனோ அதே அம்மா, என் தாடையைத் தடவிப் பார்த்து ஒரு மைசூர் பாகை வாயில் திணித்தார்.

"மொதல்லியே வாய விட்டு சொல்லக்கூடாதா? ஒக்காந்திருக்கவங்க எல்லாம் நம்ம ஜாதிதானே" என்று தமிழிலேயே திட்டினார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேரி வந்து தலையில் அடித்துக்கொண்டே இட்லி ஊட்டினாள். பிறகு எல்லாருக்கும் மறுபடி அரை மணி நேர இருட்டு.

சாயங்காலம் டாக்டர் மெஷின் போட்ட கோடுகளைக் காட்டினார். மலைபோல ஏறியிருக்க வேண்டிய கோடு சோம்பலாகப் படுத்திருந்தது. மைசூர் பாகு சாப்பிட்டதால் இருக்குமோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "இருட்டுல உங்க விழித்திரைக்கு சக்தி ரொம்ப கம்மி சார். போனது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம். வண்டி மட்டும் வேணாம்."

ஷீலாவிடம் நான் சாவியைக் கேட்கவில்லை. கார் அடுத்த மாதமே அடுகோடி ஏரியாக்காரர் ஒருவரிடம் விலைக்குப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் கரண்ட் போனால், "யாரும் டார்ச் அடிக்காதீங்க, மத்தே மொதலிந்தா!" என்று மேரி அடுக்களையிலிருந்து கத்துவாள். ஷீலா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அவர்கள் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நடப்பேன்.