சக்கைக் காற்று

'ஓடைப்பட்டி வட்டார இயற்கை எழில் மற்றும் சுற்றுலா நலப் பாதுகாப்புக் குழுவின் நிறுவனத் தலைவர்' என்று லெட்டர்பேடில் அச்சடித்து வைத்திருக்கும் ராக்கப்பன், தமது ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தடவையாவது மலையைத் திரும்பிப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. அவருடைய ஹில் வியூ லாட்ஜில் அவர் நாற்காலி பஸ் வரும் திசையைப் பார்த்துத்தான் கிடக்கும். முன்பக்கத்து மூன்று அறைகளிலிருந்து மலை தெரியாது; லாட்ஜின் பெயர்ப்பலகை மறைத்துவிடும். இந்த இனத்துக்கு எழில்காவலர் என்று பெயர். ஊருக்கு ஒருவர் உண்டு. ஊர் பெரிதென்றால் இருவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

ஆடி மாசம் கூரைத் தகரம் பறக்கும்போதெல்லாம் 'சனியன் பிடிச்ச காத்து' என்று இருபது வருஷமாக வைதுகொண்டிருந்தவர், 2008இல் ஊருக்கு மேற்கே காற்றாலை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட சாயங்காலமே அதே காற்றை 'எங்க பாட்டன் பூட்டன் குடிச்ச காத்து' ஆக்கிவிட்டார். ஏன் மாட்டார்? மலையைப் பார்க்கவும் திராட்சைப் பந்தலுக்குள் நின்று படம் எடுக்கவும் கேரளத்திலிருந்து வேனில் வருகிறவர்களை நம்பித்தானே அவருடைய ஆறு அறைகளும் இருக்கின்றன? மலைக்கு முன்னால் ராட்சத விசிறி முளைத்தால் வேன் வருமா? நியாயமான பயம்தான். அதோடு நின்றிருந்தால் அவர் இந்த இனத்திலேயே சேர்ந்திருக்க மாட்டார்.

கம்பெனி கூட்டிய கூட்டத்தில் இளம் எஞ்சினியர் சூரியபிரகாஷ் படம் போட்டு விளக்கி முடித்ததும் தலைவர் எழுந்தார்.

"ஆலைங்கிறீகளே, கழிவுத் தண்ணிய எங்கன விடுவீக?"

"கழிவே கிடையாதுங்க."

"புகை?"

"அதுவும் இல்லைங்க. காத்துல விசிறி சுத்தும், கரண்டு வரும்."

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் உட்காரவில்லை. "கரும்பாலையில சாறு புழிஞ்சா என்ன மிஞ்சும்? சக்கை! காத்தாலையில கரண்டைப் புழிஞ்சிட்டா? சக்கைக் காத்து! அந்தச் சக்கையத்தான எங்க பக்கம் தள்ளுவீக?"

எஞ்சினியர் வாயைத் திறந்தார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மறுவாரம் சுவருக்குச் சுவர் 'சக்கைக் காற்றைச் சுவாசியோம்!' ஒரு தூண்கூட இன்னும் நடவில்லை. அதற்குள் தவசியின் கோழி முட்டையை நிறுத்திவிட்டது, பஞ்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. தலைவர் எல்லாவற்றையும் கலெக்டருக்கு எழுதிக்கொண்டிருந்த மனுவில் சேர்த்தார். இருபத்தெட்டாம் பக்கத்தை எழுதும்போதுதான், கம்பம் ஊரிலிருந்து சுற்றுலா வேன் அனுப்பும் உமர் பாருக் போன் பண்ணினார்.

"என்னண்ணே, அங்கன காத்து கெட்டுப்போச்சாம்ல? கோட்டயத்துப் பார்ட்டி பச்சப் பிள்ளைகளோட வந்தாக, பயந்துட்டாக. வேற பக்கம் திருப்பி விட்டுட்டேன்."

"நான் சொன்னது இனிமே வரப்போற காத்துப்பா!"

"காத்துல என்னண்ணே, நேத்துக் காத்து நாளைக் காத்து?"

அதற்குப் பிறகு ஒரு மாசம் வேன் வரவில்லை. ஆறு சாவிகளும் ஆணியில் ஆடாமல் தொங்கின. மனைவி மொக்கம்மாள் அவற்றைத் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்:

"விசிறி வந்தா ஆளு வராதுன்னீக. விசிறியும் வரல, ஆளும் வரல. இப்ப யார எதுத்துக் கோஷம் போடப் போறீக?"

"போராட்டம்னா தியாகம் இருக்கும்டி."

"தியாகம் எத்தனை ரூம் எடுக்குமாம்?"

தலைவர் இருபத்தெட்டாம் பக்கத்தை மடித்து வைத்தார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் தெருவில் செல்போன் கோபுரம் கூடாது என்று முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் ஏறி நின்று "ஹலோ, கேக்குதா?" என்று கத்தியது யார்? பெயர் எதற்கு? கத்தியவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ராக்கப்பன் கம்பெனி ஆட்களைத் தேடிப் போய், தூண் நட வருகிறவர்கள் தங்குவதற்கு ஆறு அறைகளையும் ஒரு வருஷ வாடகைக்கு விட்டுவிட்டு வந்தார்.