ஐந்தாம் நாள் முகூர்த்தம்

மயூர் விஹார், தில்லி
வியாழக்கிழமை மாலை

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி பாலசுப்ரமணியம் அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைப் பெற்ற பட்டாபிராமன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், ருக்கு, கல்யாணப் பெண் மாதங்கி, பால்கனியில் அடுப்பு மூட்டி டேரா போட்டிருக்கும் பட்சணக்காரர்கள் எல்லோரும் ஈசுவர கிருபையில் க்ஷேமம். அங்கே துவாரகாவில், மாப்பிள்ளை கார்த்தியின் ஃப்ளாட்டில், தாங்களும் மாமியும் கும்பகோணத்திலிருந்து வந்திறங்கிய மற்றப் பெரியவர்களும் இந்தப் பாழாய்ப்போன குளிரைத் தாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தின்போது ருக்கு தன் கையாலேயே பின்னிக் கொடுத்த கிளிப்பச்சை ஸ்வெட்டர் தங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டதாம். மடித்து விட்டுக்கொள்ளலாமாம்.

ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். நேற்றும் இன்றும் மாற்றி மாற்றி போன் பண்ணினேன். மாமிதான் எடுத்தார். “அவர் கோவிலுக்குப் போயிருக்கார்” என்கிறார். காலையில் காபி குடித்த கையோடு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறீர்களாமே! தில்லியில் நாள் முழுக்கத் தரிசனம் பண்ணுகிற அளவுக்குக் கோவில் இருப்பதே, இத்தனை வருஷம் இங்கே சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் எனக்குத் தெரியாது. தங்கள் பக்திக்கு முன்னால் என் விஷயம் அற்பம்தான். தவிர, உள்ளதைச் சொல்கிறேன், போனில் தங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் ருக்குவின் அக்கா பிள்ளை வேணு கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வைத்திருக்கும் முகூர்த்தத்தைத் தயவுபண்ணித் திங்கட்கிழமை காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் மேலே படிக்கும்படி காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் என் பிள்ளை ஹரிஷங்கரால் வந்த வினை. தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டீர்கள். “கிரிக்கெட் ஆடறான்” என்றேன். “அது சரி, வேலைக்கு என்ன பண்றான்?” என்றீர்கள். கும்பகோணத்தில் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து, பந்தும் கையுமாக வகுப்புக்கு வந்த பையன்களையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றிய மகானுபாவர் தாங்கள் என்று மாமி சமையலறையில் ருக்குவிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அதனால் மென்று முழுங்கி, “பொதுத்துறையில அசிஸ்டென்ட்” என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்தார்கள், மாசாமாசம் சம்பளமும் வருகிறது. தன் நாற்காலி எந்த மாடியில் இருக்கிறது என்பதுதான் அவனுக்கு இன்னும் தெரியாது.

நாங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்த சனி இது. பிறவியிலேயே அவனுக்கு இடது கைப் பழக்கம். நானும் உருட்டி மிரட்டிச் சாப்பாட்டை வலது கைக்கு மாற்றினேன், எழுத்தை மாற்றினேன், பந்து மட்டும் இடது கையிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் அந்தப் பந்து எதிர் பிளாக் அண்டர் செக்ரட்டரி வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. போச்சுடா, என் பிரமோஷன் அம்பேல் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஓடினேன். அந்த மனுஷர் என்னைத் திண்டாட வைத்துவிட்டார். “பட்டாபி, கண்ணாடி கிடக்கட்டும், இந்தப் பந்து மூலை திரும்பின்னா வந்திருக்கு! உம்ம பிள்ளையைப் படிக்க வெச்சுக் கெடுத்துடாதேயும்” என்றார். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் உத்தரவு உத்தரவுதானே. டிடிசி பஸ்ஸில் தயிர்சாத டப்பாவும் கையுமாக மைதானம் மைதானமாக அலைந்தேன். தில்லி டீம் என்றார்கள், ரஞ்சி என்றார்கள், திடீரென்று இந்தியா என்றார்கள். முதல் டெஸ்டிலேயே அஞ்சு விக்கெட் எடுத்தான். மயூர் விஹாரே எங்கள் வீட்டு ஹாலில் நின்றது. அதற்கப்புறம் ஒரு நாள், ஒரே ஓவரில் நாலு சிக்ஸர் வாங்கினான் பாருங்கள், சம்பந்தி, மறுநாள் காலை நான் கத்தரிக்காய் வாங்கக் கீழே இறங்கினால் காய்கறி வண்டிக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு, “பாபுஜி, லட்கே கோ போலோ, இத்னா தேஸ் மத் டாலோ” என்று, பையனை இத்தனை வேகமாகப் போட வேண்டாமென்று சொல்லச் சொல்லி, எனக்குப் பாடம் நடத்துகிறான். பால்காரன் ஒரு யோசனை, லிஃப்ட்மேன் ஒரு யோசனை. டீமிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். பாவம், குழந்தை அறைக்குள்ளேயே முடங்கிவிட்டான். கூட உட்கார்ந்து அவனைச் சிரிக்க வைத்ததெல்லாம் அவன் தங்கை மாதங்கிதான்.

இனிமேல் இவனைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று நாடே முடிவு கட்டிய அந்த நேரத்தில்தான், அதை நம்பி, மலை மாதிரி நம்பி, நான் தங்களுடன் உட்கார்ந்து இந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். சர்க்காரை நம்பலாம், ரயில்வேயை நம்பலாம், செலக்‌ஷன் கமிட்டியை நம்பலாமோ? போன வாரம் இன்னொரு ஸ்பின்னர் எங்கேயோ வழுக்கி விழுந்து விரலை ஒடித்துக்கொண்டானாம், உடனே ஹரிஷங்கரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தில்லி டெஸ்ட், கோட்லா மைதானம், புதனில் ஆரம்பித்து ஞாயிறு வரை. பக்கத்து ஃப்ளாட் ஜெயலட்சுமி மாமி லட்டு டப்பாவோடு ஓடி வந்தவர், நாங்கள் மூன்று பேரும் மூலைக்கொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “அச்சச்சோ, யாருக்கு என்ன?” என்று கதவோடு நின்றுவிட்டார்.

அண்ணன் இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காதா என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். ஏனென்றால் சட்டம் போட்டதே தாங்கள்தான். லாஜஹோமத்தில் பெண் கையில் பொரி இடுவதற்கு உடன்பிறந்தவன்தான் நிற்க வேண்டும், உடன்பிறந்தவன் இருக்கும்போது ஒன்றுவிட்டவனைக் கொண்டு ஒப்பேற்றக் கூடாது என்று நிச்சயதார்த்தத்தன்று சபையில் சொன்னீர்கள். நானும் வேணுவை நிறுத்தலாமா என்று மெதுவாக மாதங்கியிடம் பேச்சுக் கொடுத்தேன். “அப்பா, அண்ணா பொரி போடலேன்னா நான் கையை நீட்ட மாட்டேன். நீ என்ன வேணா பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹரியோ ஹோட்டலிலிருந்து போனில், “அவ கையில நான்தாம்பா பொரி போடணும். ஆனா மாட்ச்சை விட்டுட்டு எப்படி வருவேன்?” என்கிறான். நான் யாரைத் திட்டுவது?

சாஸ்திரிகளைக் கேட்டேன். அவரும் கிரிக்கெட் பைத்தியம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கவலையே வேண்டாம், லஞ்ச் இடைவேளையில் பையனைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், நாற்பது நிமிஷம் இருக்கிறது, பொரி இட எத்தனை நேரம் என்று உற்சாகமாகக் கிளம்பினார். பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டு முகம் தொங்கிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். கோட்லாவிலிருந்து மந்திர் மார்க் மண்டபத்துக்கு அந்த டிராஃபிக்கில் வந்து சேருவதற்குள் எமகண்டம் வாசலில் நிற்கும். ஆட்டம் முடிந்து சாயங்காலம் வைக்கலாம் என்றால் ராகுகாலம்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் ஆபீஸ் செல்வராஜ் என்கிறவன் கொடுத்த தைரியம். “சார், எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா போங்க. ப்ராப்பர் சேனல்” என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே உட்கார்ந்து, டீம் மானேஜருக்கு, மேற்படி ஆட்டக்காரரின் சொந்தச் சகோதரியின் விவாகத்தை முன்னிட்டு, ஐந்தாம் நாள் முற்பகல் மட்டும் அரை நாள் கேஷுவல் லீவு அனுமதிக்குமாறும், பிற்பகல் தவறாமல் டியூட்டியில் சேர்ந்துவிடுவார் என்றும் விண்ணப்பம் அடித்து, திருமண அழைப்பிதழ் நகலும் இணைத்து அனுப்பினேன். அதை அந்தப் படுபாவிகள் டிரெஸ்ஸிங் ரூம் கதவில் ஒட்டிவிட்டார்களாம். இப்போது டீமில் யாரும் என் பிள்ளையை ஹரி என்று கூப்பிடுவதில்லையாம். ‘ஹாஃப் டே’ என்கிறார்களாம். “அப்பா, நேத்து கேப்டன் ஃபீல்டிங் நிறுத்தும்போது, பிற்பகல்ல இருப்பியான்னு கேக்கறான்பா” என்று பிள்ளை அழாத குறை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொல்லப்போனால் லீவு மறுக்கப்பட்டதாக இன்றுவரை எனக்கு எழுத்து மூலம் பதில் வரவில்லை.

சரி, மாட்ச்சாவது சீக்கிரம் முடியக் கூடாதா? நேற்றைக்கு நம்மவர்கள் பேட் பிடித்தார்கள். பாதி நாளில் எதிரணி ஆட வந்தது, வந்த சுருக்கில் ஒருத்தன் கட்டையைப் போட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் இன்றைக்குச் சாயங்காலம் வரை அசையவில்லை. ஹரியும் போட்டுப் பார்க்கிறான், எருமை மாட்டின் மேல் மழை. ருக்குவுக்கோ வேண்டுதல்களெல்லாம் குழம்பிப் போய்விட்டன. பிள்ளை டீமில் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவள், இப்போது நம்மவர்கள் தோற்றாலும் பரவாயில்லை, சனிக்கிழமைக்குள் தோற்கட்டும் என்று புதிதாக ஒன்று நேர்ந்திருக்கிறாள். தேசத்துரோகம் என்று சொன்னால், “உங்க தேசம் வந்து பொரி போடுமா?” என்று கேட்கிறாள்.

ஆகையால் திங்கட்கிழமை காலை ஆறுக்கு மேல் ஏழரைக்குள் நல்ல முகூர்த்தம் இருப்பதாகச் சாஸ்திரிகள் பார்த்துச் சொல்லிவிட்டார். மண்டபக்காரரும் சரி என்றுவிட்டார். தங்கள் ரயில் அன்று ராத்திரிதான், நிதானமாகவே பிடித்துவிடலாம். பால் வார்த்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெண்ணைப் பெற்றவன் கேட்கிறேன், என் பெண் தன் அண்ணனைத் தேடிக்கொண்டு மணையில் உட்காரக் கூடாது. கிரிக்கெட் ஒரு வேலையா என்று தாங்கள் நினைப்பது நியாயம். நானே அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஆட்டத்தின் முகத்தில்கூட இனி விழிக்க மாட்டேன்.

மாமிக்கு ருக்குவின் நமஸ்காரங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். சிறியவர்களுக்கெல்லாம் தீர்க்காயுசு. பதிலை வேணுவிடமே, கூடியமட்டும் சாந்தமான முகத்தோடு, சொல்லியனுப்பவும்.

தங்கள் விதேயன்,
பட்டாபிராமன்

பி.கு: சனிக்கிழமை சாயங்காலம். வேணு, படவா, கடிதத்தை வாங்கிக்கொள்ள வரவேயில்லை, மாட்ச் பார்க்கப் போய்விட்டான். அதுவும் நல்லதுக்குத்தான். மேலே எழுதியிருப்பதில் க்ஷேம விசாரிப்பைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. மாட்ச் முடிந்துவிட்டது! நாமே ஜெயித்தோம்! நேற்று அந்தக் கட்டைக்காரனைத் தூக்கினான் பாருங்கள், அப்புறம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தார்கள். இன்றைக்கு அவர்களுடைய இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் என் பிள்ளை ஏழு விக்கெட்! டிவிக்காரன் மைக்கை நீட்டி, “இவ்வளவு அவசரமாக ஏன் முடித்தீர்கள்?” என்று கேட்டதற்கு, “கல் கர் மே காம் ஹை” என்றான். நாளைக்கு வீட்டில் வேலை இருக்கிறதாம். மாதங்கி டிவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? பந்து பிடித்ததில் இடது கை விரல் கிழிந்து பெரிய கட்டாகப் போட்டிருக்கிறான். கவலை வேண்டாம், பொரி வலது கையால்தான். இதற்காகத்தான் சின்ன வயதில் மாற்றி வைத்தேன் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹரி ஒன்று கேட்டான். “அப்பா, கடைசி விக்கெட் விழாம இழுத்துண்டே போச்சு. நான் பவுண்டரி பக்கம் நின்னுண்டிருக்கேன், பின்னாடி ஸ்டாண்ட்லேர்ந்து ஒரு பெரியவர் கும்பகோணத் தமிழ்ல கத்தறார், ‘டேய் ஹரி, பந்தை மேலே தூக்கிப் போடுடா! நாளைக்குப் பொரி இடணும், ஞாபகம் இருக்கா?’ன்னு. அப்படியே போட்டேன், விழுந்துடுத்து. யாருப்பா அவர்? மங்கி குல்லா, கிளிப்பச்சை ஸ்வெட்டர்.”

 யாரோ கோவிலுக்குப் போகிற வழியில் வந்திருப்பார் என்றேன். ஆனால் டிவியில் ருக்கு பார்த்துவிட்டாள். தாங்கள் எழுந்து நின்று கைதட்டும்போது ஸ்வெட்டரின் கை இரண்டும் விரலுக்கு மேல் தொங்குகிறதாம். நாளை காலை மண்டபத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவரச் சொன்னாள், பொரி இட்டு முடிந்ததும் அவளே சரிபண்ணித் தருகிறாளாம்.