வெர்ஸாய் வேறு, வெர்சேல்ஸ் வேறு

அன்புள்ள மாப்பிள்ளை பிரென்ட் அவர்களுக்கு, ஒஹாயோ மாநிலம் வெர்சேல்ஸிலிருந்து மாமனார் வர்ஜில் பார்கா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் ரோசெல்லாவும் நலம். கார் நிறுத்தும் கொட்டகைக்குக் கூரை இல்லை. அங்கு தாங்களும் என் மகள் ஜனெலும் கூரையோடு நலமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

எழுபது ஊர்களின் டிவி ஸ்டேஷன்களை வாங்கிப் போட்டிருக்கும் கம்பெனியில் தாங்கள் பெரிய உத்தியோகத்தில் இருப்பது எனக்குப் பெருமைதான். சர்ச்சில் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் பதின்மூன்றாம் சேனலையும் வாங்கி, முப்பத்தோரு வருஷமாக வானிலை சொன்ன நார்ப் டிடியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாஷ்வில்லில் ஒரே அறையில் ஓர் ஆளை நிறுத்தி எழுபது ஊருக்கும் மழை சொல்ல வைத்தீர்களே, இது எந்த மகராசன் கொடுத்த யோசனை? நார்ப் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வான். இவனுக்குப் பல் மட்டும்தான் பளிச்சென்று இருக்கிறது.

போன சனிக்கிழமை மதியம் ஊரின் புயல் சைரன் ஊதியது. சனிக்கிழமை மதியச் சைரன் வாராவாரம் நடக்கிற சோதனை, இங்கே அதற்காக யாரும் கையில் இருக்கிற கரண்டியைக்கூடக் கீழே வைப்பதில்லை. நான் நிலவறையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே டிவியில் அந்தப் பல்லழகன், "வெர்ஸாய் மக்களே, சுழற்காற்று வருது! நிலவறைக்கு ஓடுங்க!" என்று கத்துகிறான். இங்கிலீஷில் எழுத்து என்னவோ ஒன்றுதான், சொல்கிற விதம்தான் வேறு. ஆனால் அரண்மனை வைத்திருக்கிற பிரான்ஸ்காரன் வெர்ஸாய். கோழிப்பண்ணை வைத்திருக்கிற நாங்கள், என் தாத்தா காலத்திலிருந்தே, வெர்சேல்ஸ்.

"என்னடி சத்தம்?" என்று மேலே சமையலறையில் இருந்த ரோசெல்லாவைக் கேட்டேன்.

"பிரான்சுல புயலாம்ங்க. பாவம், அந்த அரண்மனைல எத்தனை கண்ணாடியோ!"

"நமக்கென்ன, கோழி கருகிடாம பாரு."

நானே சொன்னேன் மாப்பிள்ளை, இந்த வாயால். அடுத்த நிமிஷம் கொட்டகைக் கூரை சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மேலே ஓடிப் பார்த்தால், மேஜைக்கடியில் மாவுக் கையோடு கிடக்கிறாள். "பிரான்சு இவ்வளவு கிட்டயா இருக்கு?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள்.

சேனலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எந்தப் பதிமூணு சார்? எங்ககிட்ட நாலு பதிமூணு இருக்கு" என்றாள் ஒருத்தி. நாசமாப் போச்சு!

நார்ப்பைத் திரும்பக் கூப்பிடுங்கள். முடியாதென்றால், எங்கள் ஊர்ப் பெயரை அப்படிச் சொல்லும்படி எழுதிக் கொடுத்த முட்டாள் யாரென்று கண்டுபிடித்து என்னிடம் அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருவரும் நீடூழி வாழ்க. ஜனெலுக்கு அவள் அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
வர்ஜில் பார்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜனெல் போன் செய்தாள். ஊர்ப் பெயர்களை எப்படிச் சொல்வது என்று பட்டியல் போட்டபோது தாங்கள் அவளைத்தான் கேட்டீர்களாமே. "காலேஜ்ல நம்ம ஊர்ப்பேரைச் சொன்னாலே சிரிப்பாங்கப்பா. அதான் வெர்ஸாய்னு எழுதிக் குடுத்தேன்" என்று தேம்பித் தேம்பி அழுகிறாள். மாப்பிள்ளை, அவளை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். 'வெர்ஸாய் என்றாலும் நாம்தான், ஓடு' என்று அட்டையில் எழுதி டிவியில் ஒட்டிவிட்டேன். "நம்ம பேரை யாருங்க மாத்தினது?" என்று கேட்டாள் ரோசெல்லா. மாப்பிள்ளைதான் என்று சொல்லிவிட்டேன்.